ரவுட்டரை மாத்தச் சொல்ல முதல் காரணத்தைச் சொல்லுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் வைஃபை இருக்கிற எல்லாருக்கும் என்றாவது ஒருநாள் இது தேவைப்படும்.

ஒலுவில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளிலும் சரி, பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர்ப் பக்கமும் சரி, இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ரவுட்டர் பழசு, மாத்துங்க." கம்பனியின் போனை எடுப்பவர் அதைச் சொல்கிறார். கடைக்காரர் அதைச் சொல்கிறார். வழியில் கண்ட மச்சானும் அதையே சொல்கிறார். ரவுட்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. கெட்டுப்போனது ரவுட்டர்தான் என்று யார் பார்த்தது?

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டர் முதலில் கைநாடி பிடிக்கிறார், குழாய் வைத்துப் பார்க்கிறார், ஈசிஜி எடுக்கிறார். வாசலில் வைத்தே "இதயத்தை மாத்துங்க" என்று சொல்வதில்லை. ரவுட்டர் விஷயத்தில் மட்டும் சோதனையே இல்லாமல் நேராகச் சத்திரசிகிச்சை. அதுவும் நோயாளியின் காசில்.

இதன் விலையை அறியாதவர்கள் இதைச் சின்ன விஷயம் என்கிறார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாப் பொருளோடும் சேர்ந்து ரவுட்டரும் ஏறியது. தோணிக்குப் போகிற வாப்பாவுக்கு அது பல நாள் உழைப்பு. அந்தக் காசைக் கொடுத்துப் புதியதை வாங்கிப் பொருத்திய மறு கிழமையே அதே மாதிரி லைன் அறுகிற வீடுகள் இந்தக் கரையில் எத்தனையோ உண்டு. ஏனென்றால் கெட்டது ரவுட்டர் இல்லை.

காரணத்தைப் பார்க்காமல் செலவழிப்பது எப்படி முடியும் என்பதை எங்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து படிப்பிக்கத் தேவையில்லை. கண் முன்னால் துறைமுகம் கிடக்கிறது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் கனவு கண்ட துறைமுகம். டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டம்பர் 1 ஆம் திகதி திறந்தார்கள். வாயை மணல் மூடியது. இயந்திரம் கொண்டுவந்து அள்ளினார்கள். திரும்பவும் மூடியது. திரும்பவும் அள்ளினார்கள். இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்குக்குக் கொண்டுபோகிறது. குறுக்கே கல்லணை போட்டால் மணல் ஒரு பக்கம் தேங்கும், மற்றப் பக்கம் கடல் நிலத்தைத் தின்னும். வடக்குப் பக்கத்துத் தென்னைகள் கடலுக்குள் சாய்ந்தது அப்படித்தான். காரணம் அப்படியே இருக்க, மணலை மட்டும் அள்ளினால் அள்ளிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

வீட்டு ரவுட்டரிலும் இதுதான் நடக்கிறது. அளவில்தான் வித்தியாசம். ஆகவே முதலில் காரணத்தைத் தேடுவோம். இதற்கு இன்ஜினியர் தேவையில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் செய்து முடிக்கும்.

1. வெளிச்சத்தைப் பாருங்கள்

ரவுட்டரின் முன்னால் எரிகிற சின்ன லைட்டுகள் அழகுக்கு இல்லை. ஃபைபர் லைன் என்றால் 'லொஸ்' என்று எழுதிய லைட் சிவப்பாக எரிகிறதா? அப்படியென்றால் வயர் வழியாக வரவேண்டிய ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எங்கோ வயர் மடிந்திருக்கிறது, அறுந்திருக்கிறது, அல்லது இணைப்பில் தூசு. பத்துப் புது ரவுட்டர் வாங்கி வைத்தாலும் அந்தச் சிவப்பு அணையாது. அது லைன் பிழை. லைனைத் திருத்துவது கம்பனியின் வேலை.

சிம் போடுகிற ரவுட்டர் என்றால் சிக்னல் லைட்டைப் பாருங்கள். ஒரு கோடுதான் எரிகிறது என்றால் ஜன்னலோரம், டவர் இருக்கிற திசைக்கு நகர்த்திப் பாருங்கள். இரண்டு சுவர் குறைந்தாலே நிலைமை மாறும்.

2. பெக்கேஜைப் பாருங்கள்

சிரிக்க வேண்டாம். டேட்டா முடிந்தவுடன் வேகத்தைக் குறைத்துவிடுகிற பெக்கேஜ்கள் பல. மாத முதல் கிழமை பறக்கிறது, கடைசிக் கிழமை ஊர்கிறது என்றால் ரவுட்டரில் என்ன குற்றம்? பிள்ளைகளின் போனில் வீடியோக்கள் தானாக ஓடுவதை நிறுத்திப் பாருங்கள்.

3. வயரைக் குத்திப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். லெப்டொப் ஒன்றை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் இணையுங்கள். வயரில் நன்றாக வேலை செய்து வைஃபையில் மட்டும் இழுபடுகிறது என்றால், லைன் சரி. குறை வைஃபை பக்கம். வயரிலும் அதே இழுவை என்றால் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். அப்போது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற முகவரியை, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், லெப்டொப்பில் அடியுங்கள். ரவுட்டரின் பக்கம் உடனே திறக்கிறது, ஆனால் வெளியில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், தடை ரவுட்டருக்கு அப்பால் இருக்க வாய்ப்பு அதிகம். ரவுட்டரின் பக்கமே திறக்கவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் இல்லையென்றால் ரவுட்டரைச் சந்தேகிக்கலாம்.

லெப்டொப் இல்லாத வீடுகளில் போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் நல்லது, அறைக்குள் இல்லை என்றால் அது தூரத்தின் பிரச்சினை, சுவரின் பிரச்சினை.

4. எடப்டரை மாற்றிப் பாருங்கள்

இதை ஒருவரும் பார்ப்பதில்லை. பல ரவுட்டர்களின் உயிர் 12 வோல்ட் எடப்டரில் இருக்கிறது. அதற்குள் இருக்கிற கெப்பாசிட்டர் வெப்பத்தில் காலப்போக்கில் தளர்ந்துவிடும். தளர்ந்த எடப்டர் லைட்டை எரியவைக்கப் போதும். நான்கு போன் ஒரே நேரத்தில் சேர்ந்து ரவுட்டர் பாரம் தூக்கும்போது கரண்ட் போதாது. எல்லா லைட்டும் ஒரேயடியாக அணைந்து திரும்ப எரியும். வகுப்பு நடுவில் அறும். பார்ப்பவர் ரவுட்டர் கெட்டது என்கிறார்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்கினார்கள். அந்த பெட்டரிகளுக்கும் வயதாகிறது. பெட்டரி தளர்ந்தால் வோல்ட் இறங்கும், ரவுட்டர் அணைந்து எரியும். யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டில் ஒருநாள் ஓடவிட்டுப் பாருங்கள்.

எடப்டர் மாற்றும்போது கவனம். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பருமனும், நடுவில் கூட்டலா கழித்தலா என்கிற அடையாளமும் ஒத்துப்போக வேண்டும். பிழையான எடப்டரைக் குத்தி நல்ல ரவுட்டரை எரித்துவிடாதீர்கள்.

5. கடல் காற்றை மறக்க வேண்டாம்

துறைமுகத்துப் பக்கம் ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்குகிறது? அதே உப்புக்காற்று கேபிள் முனையிலும் படுகிறது. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்தால் தொடுப்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பழைய டெலிபோன் லைனில் வருகிற இன்டர்நெட் என்றால் சுவரிலுள்ள பெட்டி, கூரையோரத் தொடுப்பு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மழை நாளில் மட்டும் கெடுகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான். கரண்ட் பிளக்கைக் கழற்றி, கேபிள் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துக் குத்திப் பாருங்கள்.

6. வைத்த இடத்தைப் பாருங்கள்

ஃபிரிஜ்ஜுக்கு மேல், டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், அதுவும் உம்மா பின்னிய லேஸ் துணியால் மூடி! ரவுட்டருக்கு மூச்சு விட வேண்டும். தகரக் கூரை வீட்டில் மத்தியான வெப்பத்தில் அது சுருண்டுவிடும். வீட்டின் நடுவில், நெஞ்சுயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

இரண்டு அலைவரிசையில் வேலை செய்கிற ரவுட்டர் என்றால் 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரில் களைத்துவிடும். மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளில் எல்லாருடைய ரவுட்டரும் 2.4 இல் ஒரே சனலில் கத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் கேட்காது. செட்டிங்கில் போய் 1, 6, 11 ஆகிய மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பாவிப்பதை எடுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றையொன்று இடிக்காதவை.

7. ஊசியை எடுக்க வேண்டாம்

ரீஸ்டார்ட் வேறு, ரிசெட் வேறு. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துக் குத்துவது ரீஸ்டார்ட். அதில் ஒன்றும் அழியாது. பின்னால் உள்ள சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு அழுத்திப் பிடிப்பது ரிசெட். அது உள்ளே எழுதியுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். லைனுக்கென்று கம்பனி போட்ட பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள் இருந்தால் அதுவும் போகும். அரைகுறையாக வேலை செய்தது முழுதாக நின்றுவிடும். பிறகு "பார்த்தீர்களா, ரவுட்டர் செத்துப்போச்சு" என்பார்கள். கொன்றது ஊசி.

இவ்வளவையும் பார்த்த பிறகு எங்கள் கோபம் எங்கே போக வேண்டும்?

லைன் வேலைக்கு வருகிற பிள்ளைகள் மேல் இல்லை. அவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கொடுத்து வெயிலில் அனுப்பினால் அவர்கள் எங்கே நின்று ஆராய்வது? கோபம் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் மேல். பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் ஆகும், அதில் வருமானம் இல்லை. புதியதை விற்க ஐந்து நிமிடம் போதும், அதில் இருக்கிறது. வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

மாதாமாதம் பில் வாங்குகிறவர்கள் லைன் எங்கே அறுந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். லைனில் உள்ள குறையை மறைத்து, ரவுட்டரின் தலையில் போட்டு, புதியதை விற்பது வியாபாரம் இல்லை, மோசடி. குறையைச் சொல்லாமல் பொருளை விற்காதே என்பது எங்கள் மார்க்கம் அறிந்த எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த சட்டம். அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்து ஒரு சூறாவே இருக்கிறது. தராசில் குறைத்தால் மட்டும்தான் மோசடியா? இல்லாத நோய்க்கு மருந்து விற்றால் என்ன பெயர்?

இன்னொன்று. சிம் போடுகிற ரவுட்டர்கள் பல ஒரு கம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டு வருகின்றன. டவர் மாறி உங்கள் பக்கம் அந்தக் கம்பனியின் சிக்னல் விழுந்தால், காசு கொடுத்து வாங்கிய நல்ல ரவுட்டர் குப்பை. வேறு கம்பனிக்குப் போக வேறு ரவுட்டர். நாங்கள் வாங்கிய பூட்டின் சாவி ஏன் விற்றவரின் பொக்கற்றில் இருக்க வேண்டும்?

இது உலக வழக்கம், ஒன்றும் செய்ய இயலாது என்பவர்களுக்கு: ஜெர்மனியில் 2016 ஓகஸ்ட் 1 முதல் சட்டம் வேறு. எந்த ரவுட்டரைப் பாவிப்பது என்பது வாடிக்கையாளரின் விருப்பம். லைனுக்குத் தேவையான பெயர், பாஸ்வேர்ட் விபரங்களைக் கம்பனி கேட்காமலேயே கொடுக்க வேண்டும். அங்கே வானம் இடிந்து விழவில்லை. கம்பனிகளும் மூடப்படவில்லை.

எங்கள் பக்கமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996 இல் அதைத் திருத்தி உருவாக்கிய ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றன. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அதன் இலக்கம் 1977. பாவிப்பவர்கள் இல்லை என்பதுதான் குறை. போனில் சண்டை பிடித்துவிட்டு வைக்கிறோம். எழுத்தில் ஒரு வரி இல்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள். எந்தத் திகதி, எத்தனை மணிக்கு லைன் அறுந்தது, எந்த லைட் சிவப்பு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், போட்டோ எடுங்கள். "அடிக்கடி வேலை செய்யல்ல" என்பது புலம்பல். பதினைந்து நாள் கணக்கு என்பது சாட்சி. தமிழ் அரச கரும மொழி. தமிழிலேயே எழுதுங்கள்.

இதைச் சொல்வதால் ரவுட்டரை ஒருபோதும் மாற்றக் கூடாது என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பத்து வருட ரவுட்டரைக் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு, "நல்லாத்தானே இரிக்கி" என்கிறவர்கள். பாஸ்வேர்ட் கேட்டால் 'எட்மின்'. அது வாங்கிய நாளில் இருந்த பாஸ்வேர்ட்.

2016 ஒக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அடித்தது 'மிராய்' என்ற வைரஸ் பிடித்த கருவிகளின் கூட்டம். அந்தப் படையில் இருந்தவை வீட்டுக் கமராக்களும் ரவுட்டர்களும். வாங்கிய நாளின் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை. 2018 மேயில் அமெரிக்காவின் எஃப்பிஐ எல்லா வீட்டு ரவுட்டர்களையும் ஒருமுறை அணைத்து எரியவிடும்படி பகிரங்கமாகக் கேட்டது. அந்த முறை 'விபிஎன்ஃபில்டர்' என்பது 54 நாடுகளில் குறைந்தது ஐந்து இலட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. உங்கள் வீட்டு ரவுட்டருக்குள் யாராவது இருந்தால் அது உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. பிள்ளைகளின் பாடமும், பேங்க் கணக்கும், கட்டாரிலிருந்து வருகிற வாப்பாவின் அழைப்பும் அந்த ஒரே வாசலால்தான் போகின்றன.

ஆகவே மாற்ற வேண்டிய நேரம் இவைதான்:

• எடப்டர் மாற்றியும், குளிரான இடத்தில் வைத்தும், தானாக அணைந்து எரிகிறது.
• வயரில் நன்றாக ஓடுகிறது, பக்கத்தில் நின்றாலும் எந்தப் போனிலும் வைஃபை நிற்கவில்லை.
• இடி விழுந்து லேன் ஓட்டைகள் செத்துவிட்டன. ஒக்டோபர், நவம்பர் இடிமழைக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளக்கையும் லைனையும் கழற்றி வையுங்கள்.
• செய்த கம்பனி அந்த மொடலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அல்லது டபிள்யூபிஏ2 என்ற பூட்டுக்கூட அதில் இல்லை.

இதில் ஒன்று உறுதியானால் தாமதிக்காமல் மாற்றுங்கள். இரண்டு அலைவரிசையும் உள்ளதா, சிம் பூட்டு இல்லையா, வொரண்டி எத்தனை மாதம் என்று கேட்டு வாங்குங்கள். பில்லில் சீரியல் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். புதியதற்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் வீட்டில் உள்ள எல்லாப் போனும் தானாகச் சேரும். உள்ளே போகிற எட்மின் பாஸ்வேர்டை மட்டும் அன்றே மாற்றுங்கள். பழையது வைஃபை நல்லதாக இருந்தால் பின் அறைக்குக் கேபிள் இழுத்து இரண்டாவது வைஃபையாகப் பாவிக்கலாம். செத்தது என்றால் கடற்கரையில் வீச வேண்டாம். ஏற்கனவே அந்தக் கரை பட்டது போதும்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, ரவுட்டரை மாற்றச் சொல்கிறவர் எதைப் பரிசோதித்தார், என்ன கண்டார் என்று எழுதித் தர வேண்டும். இரண்டு, லைன் பிழை என்று தெரிந்தால் அந்த நாட்களின் காசு பில்லிலிருந்து கழிய வேண்டும். மூன்று, காசு கட்டி முடித்த ரவுட்டரின் பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டும். நான்கு, தமிழில் பேசுகிற ஆள் போனில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் பாட்டு வேண்டாம்.

நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. ஆசிரியர்களாக எங்களுக்கு ஒரு யோசனை. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறார்கள். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஒரு மண்டபம், இரண்டு மல்டி மீற்றர், ஐந்தாறு நல்ல எடப்டர், ஒரு லேன் கேபிள். "கெட்டுப்போன" ரவுட்டர்களைக் கொண்டுவரச் சொல்லுவோம். எத்தனை உண்மையில் கெட்டவை என்று எண்ணுவோம். அந்தக் கணக்கோடு ஆணைக்குழுவுக்கு எழுதுவோம்.

"துறைமுகமே போச்சு, நீங்க ரவுட்டரைப் பத்திக் கதைக்கிறீங்க" என்று சிலர் கேட்பார்கள். துறைமுகத்தைத் திருத்துகிற கையெழுத்து எங்களிடம் இல்லை. வீட்டு ரவுட்டரின் பிளக் எங்கள் கையில் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எங்கள் வகுப்பறை முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் போனது. லைன் இருந்த பிள்ளை படித்தது, இல்லாத பிள்ளை பின்தங்கியது. அந்த இடைவெளியை நாங்கள் இன்றும் வகுப்பில் காண்கிறோம். அடுத்த முறை அப்படி ஒரு நாள் வந்தால், எடப்டர் ஒன்று தளர்ந்ததற்காக ஒரு பிள்ளையின் பாடம் நிற்கக் கூடாது.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு மண்டபம் தரக்கூடியவர்கள், உதவிக்கு வரக்கூடிய பல்கலைக்கழக மாணவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் ரவுட்டரில் எந்த லைட் எப்படி எரிகிறது என்றும் எழுதுங்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். இன்று கடைக்குப் போகப்போகிற ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள்.